புதைக்க வேண்டாம், பிரதி எடுப்போம்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிற ஆண்டுவிழாவில் ஒரு டைம் கேப்சூல், அதாவது காலப்பெட்டகம், செய்து மைதானத்து வேப்பமரத்தடியில் புதைக்க வேண்டுமாம். துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி. உள்ளே பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், அன்றைய செய்தித்தாள், பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். மேலே ஒரு கல்வெட்டு. ஐம்பது வருடம் கழித்துத் திறப்பார்கள். செலவுக்கு ஆள் இருக்கிறது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பன் பெட்டியை இலவசமாகவே செய்து தருகிறேன் என்கிறான். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்ட இடத்தில் நான் ஒருவன்தான் வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்பதை அங்கே நாலு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் காரணம் எளிது. அந்த ஆண்டு மலர்களில் சில வருடங்களுக்கு ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். பள்ளி நூலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதைத்தான் புதைக்கச் சொல்கிறார்கள்.

நான் பல வருடம் மதுரை மாசி வீதிப் பக்கம், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தரும் டி.டி.பி. கடை வைத்திருந்தவன். கும்பாபிஷேக மலர், சங்க மாநாட்டு மலர், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் என்று ஊரின் அச்சு வேலை நிறைய என் கை வழியாகப் போயிருக்கிறது. காகிதம் எப்படிச் சாகும் என்று பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருப்பது எப்படிச் சாகும் என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டில் எதையும் மறைத்துப் பேச எனக்கு அவசியமில்லை.

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டின் மிகப் பழைய காலப்பெட்டகக் கதை தில்லையில் இருக்கிறது. தேவாரப் பதிகங்களைத் தேடிய சோழ மன்னனுக்கு, அவை சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருப்பதை நம்பியாண்டார் நம்பி தெரிவிக்கிறார். பாடிய மூவர் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளை மூடிக் கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தால் கிடைத்தது ஒரு பகுதிதான். இந்தக் காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்து மற்றதை மூடச் செய்தோம் என்று அசரீரி கேட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இது வரலாறா புராணமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு ஓலையின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பூட்டிய அறைக்குள் ஓலை என்ன ஆகும் என்பதில் அவர்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஏடு பிழைத்தது படிக்கிற வீட்டில். அங்கே கட்டை அவிழ்ப்பார்கள், புரட்டுவார்கள். மஞ்சள் தடவுவார்கள், எழுத்து மங்கினால் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துப் பூசுவார்கள், பூச்சிக்கு வசம்பு வைப்பார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில தலைமுறைகளில் ஓலை இற்றுவிடும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதியிருக்க வேண்டும். எழுதாத வீடுகளில் ஏடு ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குப் போனது. சோழவந்தான் பக்கத்தில் திருவேடகம் இருக்கிறது. சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து நீந்திக் கரை சேர்ந்த தலம். அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு எதிர்த்து நீந்தத் தெரியாமல் போன மற்ற ஏடுகளின் நினைப்புத்தான் வரும்.

மண்ணுக்குள் இருப்பது பத்திரமாக இருக்கும் என்று குழுவில் ஒரு நண்பர் கீழடியைக் காட்டினார். நல்ல வாதம், அதனால் நின்று பதில் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள், நீங்களும் போயிருப்பீர்கள். சூதுபவள மணி, பகடைக்காய், தக்களி, தந்தச் சீப்பு, உறைகிணறு, ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர் கீறிய பானை ஓடுகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண் இவற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆனால் எதையெல்லாம் என்று பாருங்கள். சுட்ட மண், கல், எலும்பு, தந்தம். ஆதனின் வேட்டி இல்லை. அவன் ஓலையில் எதையாவது எழுதியிருந்தால் அதுவும் இல்லை. மண் ஓட்டைக் காக்கும், ஏட்டைக் காக்காது.

அந்தப் பழைய மதுரையின் கடைத்தெரு எப்படி இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் 782 அடிகளில் சொல்லியிருக்கிறார். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி, பூ விற்பவர்கள், தின்பண்டம் விற்பவர்கள், நள்ளிரவில் உலவும் கள்வர், அவர்களைத் தேடும் ஊர்க்காவலர் என்று அந்த ஊரே அதில் நடமாடுகிறது. இதை எழுதிய முதல் ஓலை எப்போதோ மண்ணாகிவிட்டது. அதைப் பார்த்து எழுதிய ஓலையும், அதைப் பார்த்து எழுதிய ஓலையும் போய்விட்டன. கடைசியில் மிஞ்சிய சில சுவடிகளை ஒப்பிட்டு உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றினார். நடுவில் எத்தனை பேர் கண் வலிக்க உட்கார்ந்து பெயர்த்து எழுதியிருப்பார்கள்! அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. எனக்கு அவர்கள் மேல் உள்ள மரியாதை, சொல்லப்போனால், எந்த அரசன் மேலும் இல்லை.

கல் வேறு. மாங்குளத்து மலையில் நெடுஞ்செழியன் பெயரோடு வெட்டிய தமிழி எழுத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடக்கிறது, இன்றும் படிக்கலாம். ஆனால் கல்லுக்கும் காவல் வேண்டியிருந்தது. 2024 கடைசியில் அரிட்டாபட்டி, அந்த மலை இருக்கும் மீனாட்சிபுரம் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றபோது மேலூர்ப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த எழுத்து இப்போது இருப்பதற்குப் பாறையின் உறுதி பாதிக் காரணம்தான். மீதி அந்த ஊர்க்காரர்கள்.

சரி, உலகத்தின் பெரிய காலப்பெட்டகம் ஒன்றைப் பார்ப்போம். 1938 செப்டம்பரில் நியூயார்க்கில், அடுத்த ஆண்டு நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் புதைத்தது. செம்பில் குரோமியமும் வெள்ளியும் கலந்து இதற்கென்றே செய்த உலோகக் குழல், ஏழரை அடி நீளம். உள்ளே கண்ணாடிக் குழல், அதில் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன். சுமார் 50 அடி ஆழம். திறக்க வேண்டிய ஆண்டு 6939. பல் துலக்கும் பிரஷ், சேஃப்டி பின், ஒரு பெண்ணின் தொப்பி, விதைகள், மைக்ரோஃபிலிமில் ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். இவ்வளவு செய்தவர்கள் கூடவே இன்னொன்றும் செய்தார்கள். பெட்டகம் எங்கே இருக்கிறது, எப்படித் தேடுவது, உள்ளே என்ன, அதன் மொழியை எப்படிப் படிப்பது என்று ஒரு புத்தகம் அச்சிட்டு உலகம் முழுக்க நூலகங்களுக்கும் மடங்களுக்கும் அனுப்பினார்கள். வருங்காலத்தில் தோன்றும் மொழிகளில் இதை அவ்வப்போது பெயர்த்து வையுங்கள் என்று அதில் கேட்டும் கொண்டார்கள். அதாவது, பூமிக்கு அடியில் உள்ள அந்த உலோகக் குழல் பிழைப்பதே பூமிக்கு மேலே அந்தப் புத்தகத்தின் பிரதிகள் பிழைப்பதைப் பொறுத்தது. இதை முதலில் படித்தபோது எனக்குத் தெளிவாகிவிட்டது. புத்தகத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். இன்று அந்தப் புத்தகத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 6939 வரை காத்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில் 1957இல் ஒரு புத்தம்புதுக் காரையே கான்கிரீட் அறையில் புதைத்தார்கள். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்றார்கள். 2007இல் திறந்தால் அறை முழுக்கத் தண்ணீர், கார் துருப்பிடித்த கூடு. நம் நாட்டில் 1973 சுதந்திர தினத்தன்று இந்திரா காந்தி செங்கோட்டையில் ஒரு காலப்பெட்டகம் புதைத்தார். ஆயிரம் ஆண்டுக்கு என்றார்கள். அதில் எழுதிய வரலாறு யாருடைய வரலாறு என்று அப்போதே சண்டை. 1977இல் ஆட்சி மாறியது, தோண்டி எடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நம் பள்ளிப் பெட்டிக்கு வருகிறேன். எஃகு துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் மலர் அச்சடித்த காகிதத்துக்குள்ளேயே அதன் எமன் இருக்கிறான். மலிவான காகிதம் மரக்கூழ். அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகும். தயாரிக்கும்போது சேர்ந்த அமிலம் நார்களை அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியை வெல்டிங் வைத்து மூடினால் அமில ஆவியும் உள்ளேயே சுற்றும், மூடிய நாளின் ஈரமும் உள்ளேயே தங்கும். பளபளப்புத் தாளில் அச்சடித்த பக்கங்கள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிரிக்கவே முடியாது. ஐம்பது வருடம் கழித்துத் திறக்கும் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது அந்தச் செங்கலாக இருக்கலாம்.

அப்படியென்றால் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. இதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

என் கடையில் முன்பு ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் செய்தோம். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் கட்டி, அச்சகத்துக்குக் கொடுத்து, ஃபைல்களை சி.டி.யில் எழுதி இரண்டு பிரதி வைத்தேன். அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பழைய மலரிலிருந்து தல வரலாறு வேண்டும் என்று கோயிலில் கேட்டார்கள். ஒரு சி.டி.யைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை. மற்றது திறந்தது, ஆனால் அந்த ஃபைலைத் திறக்கும் மென்பொருள் இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. எப்படியோ ஓடவைத்தால் அந்த எழுத்துரு இல்லை, திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிய குப்பை. கடைசியில் ஓர் ஓதுவார் வீட்டில் அச்சுப் பிரதி கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது, உள்ளே ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. அதைப் பார்த்துத்தான் மறுபடி தட்டச்சு செய்தோம்.

டி.டி.பி. தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன் ஒவ்வொரு கடைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசைப்பலகை. 1990களிலும் 2000இன் தொடக்கத்திலும் தமிழில் கம்ப்யூட்டரில் ஏறியது எவ்வளவோ அப்படியே பூட்டிப்போய்விட்டது. பிரிட்டனில் பட்ட பாடு இன்னும் பிரபலம், ஆனால் கதை அதே கதை. 1986இல் பிபிசி, இங்கிலாந்தின் பழைய நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே புத்தகத்தின் 900ஆம் ஆண்டையொட்டி, ஊர் ஊராக மக்களிடம் படமும் எழுத்தும் வாங்கி லேசர் வட்டில் சேர்த்தது. பதினைந்து வருடத்தில் அதைப் படிக்கும் கருவி அரிதாகி, மீட்பதற்குத் தனியாக ஆய்வாளர்கள் பாடுபட வேண்டியிருந்தது. 1086இல் தோலில் எழுதிய மூலப் புத்தகம் அப்போதும் படிக்கும்படியாகவே இருந்தது.

இதிலிருந்து தப்பித்த ஒன்றைச் சொல்கிறேன், அதன் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். முன்னின்றவர் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார், காசு பணம் இல்லை. அப்போது தமிழுக்கு யூனிகோடு கம்ப்யூட்டர்களில் வேலை செய்யாது. திஸ்கி போன்ற குறியாக்கங்களில் வெளியிட்டார்கள். பின்னால் யூனிகோடு வந்ததும் சேர்ந்த நூல்களை அதற்கு மாற்றினார்கள். இந்த மாற்றும் வேலையை யாரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. ஆனால் அதைச் செய்திருக்காவிட்டால் அந்த நூல்கள் என் சி.டி. போன வழியில் போயிருக்கும்.

சோழர் காலத்தில் திருமழபாடி கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கட்டி முடிந்தபின் ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். மதுரைத் திட்டக்காரர்கள் செய்ததும் இதே வேலைதான், உளி மட்டும் வேறு.

2024 அக்டோபர் மாதத்தை நான் மறக்கமாட்டேன். மாதத் தொடக்கத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தைத் தாக்கினார்கள். பழைய புத்தகம், இதழ், மூடிப்போன இணையதளம் எல்லாம் தேட அங்கேதான் போவேன். சில நாள் தளமே திறக்கவில்லை. அன்று எனக்கு வந்த பயம் நிஜமான பயம். தமிழில் எத்தனையோ பழைய நூல்களின் ஸ்கேன் பிரதி எனக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான் இருக்கிறது. பிறகு படிக்க மட்டும் என்று திறந்தார்கள், மெல்ல மெல்ல எல்லாம் திரும்பியது.

அதே மாதக் கடைசியில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய் நிறைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. என் நண்பனின் அப்பா அந்தக் காலத்துக் கைத்தறி நெசவாளர். சங்கப் பொறுப்பில் இருந்தவர். சங்க மாநாட்டு மலர்கள், போராட்ட நோட்டீஸ்கள், கூலி உயர்வு ஒப்பந்தம் அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். தண்ணீர் வடிந்தபின் நான் போனபோது பெட்டி திண்ணையில் திறந்து கிடந்தது.

“எதைத் தூக்குறதுன்னு தெரியல தம்பி,” என்றார். “அரிசியத் தூக்குனோம், பேத்தி புஸ்தகத்தத் தூக்குனோம். இது அடியில கெடந்துச்சு.”

“சங்க ஆபீஸ்ல இன்னொரு பிரதி இருக்குமாய்யா?”

“கேட்டுட்டேன். அவங்க என்கிட்ட இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.”

உலகத்தின் மறுகோடியில் விழுந்த தளம் எழுந்தது. ஏனென்றால் அதைத் திரும்ப எழுப்புவதே வேலையாக உள்ள ஆட்கள் இருந்தார்கள், தரவுக்கு வேறு பிரதிகள் இருந்தன. செல்லூர் பெட்டிக்கு அந்த இரண்டும் இல்லை. மதுரையில் நெசவாளர் வாழ்க்கையைப் பற்றி யாராவது நாளை எழுத வந்தால் அந்த மலர்களின் இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கும். காகிதமா கம்ப்யூட்டரா என்ற கேள்வியே எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. எத்தனை பிரதி, எத்தனை இடத்தில், அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. புதைத்த பெட்டிக்கு இந்தக் கேள்விகளில் எதற்கும் நல்ல பதில் இல்லை.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிகவும் முக்கியம். காலப்பெட்டகத்தில் வைப்பதை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எது முக்கியம் என்று இன்று நினைக்கிறோமோ அதை. 1904இல் மதுரையில் ஒரு பெட்டகம் புதைத்திருந்தால் என்ன வைத்திருப்பார்கள்? பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தைப் பற்றி நிச்சயம் எழுதி வைத்திருப்பார்கள், அந்தச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழை வைத்திருப்பார்கள். சரியான தேர்வுதான். ஆனால் அதே ஆண்டு மதுரையிலிருந்து வந்த ‘விவேகபானு’ என்ற இதழில் ‘தனிமை இரக்கம்’ என்றொரு பாட்டு வந்தது. எழுதியவருக்கு வயது 21. அந்த ஆண்டு சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர். பாரதி அச்சில் பார்த்த முதல் கவிதை என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். அதைப் பெட்டகத்தில் வைக்கத் தேர்ந்தெடுக்க 1904இல் யாருக்குத் தோன்றியிருக்கும்? இதழ் இதழாக, ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்தால்தான் இப்படிப்பட்டது பிழைக்கும்.

விளம்பரங்களும் அப்படித்தான். எங்கள் பள்ளி மலர்களின் கடைசிப் பக்கங்களில் ஜவுளிக்கடை, லாட்ஜ், பேனாக் கடை, நன்னாரி சர்பத், சைக்கிள் கடை விளம்பரங்கள் இருக்கின்றன. மூன்றிலக்கத் தொலைபேசி எண், இப்போது இல்லாத தெருப்பெயர். கட்டுரைகளை விட அந்தப் பக்கங்களில்தான் நான் அதிக நேரம் இருப்பேன். ஸ்கேன் செய்கிறவர்களில் பலர் விளம்பரம்தானே என்று அந்தப் பக்கங்களை விட்டுவிடுகிறார்கள். நூலகங்களில் பைண்டு செய்யும்போது அட்டையைக் கிழித்துப் போடுகிறார்கள். வயிற்றைப் பிசைகிற வேலை அது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாருக்கு இந்தப் பேதமே இல்லை. காரைக்குடிப் பக்கம், மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சடித்தது எது கிடைத்தாலும் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்து, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், பின்னால் ஸ்கேன் எடுத்தார்கள். மூலமும் இருக்கிறது, பிரதியும் இருக்கிறது, தினமும் யாராவது வந்து கேட்கிறார்கள். எனக்கு முன்மாதிரி இதுதான்.

தேடும் வசதியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். உண்மைதான், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் இருப்பதை நினைத்தால் என் இளமையில் இது கிடைத்திருக்கக் கூடாதா என்றிருக்கும். ஆனால் ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் பழைய இதழ்களில் இன்னும் தடுமாறுகிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். றா, னா, ணா சுழித்திருக்கும். மங்கிய மையும் உடைந்த அச்செழுத்தும் சேர்ந்தால் மென்பொருள் எதையோ படித்து எதையோ எழுதும். மனிதர் உட்கார்ந்து திருத்தினால்தான் தேடினால் கிடைக்கும். விக்கிமூலத்தில் அப்படித் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஏடு பெயர்த்தவர்களின் வாரிசு அவர்கள்.

பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. பொதுவாக எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1970களின் சிற்றிதழில் புனைபெயரில் எழுதியவரின் வாரிசை எங்கே போய்த் தேடுவது? பொதுவெளியில் ஏற்றத் தயங்குவது நியாயம். அதற்காக ஸ்கேன் செய்யாமலே விட்டுவிடுவது நியாயமில்லை. செய்து வையுங்கள், வெளியிடும் காலம் வரும்போது வெளியிடலாம். பூட்டி வைப்பதற்குத் தகுதியானவை சில உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் வருங்காலத்துக்கு எழுதும் கடிதங்களைத் தாராளமாகப் பெட்டியில் போட்டுப் புதைக்கட்டும். யாரும் இப்போது படிக்கக் கூடாது என்பதுதான் அதன் அழகே. மலர்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் குழுவில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிச் செலவில் நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கலாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டில் இப்படி ஏதாவது இருக்கும். 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்ததே, அந்த மலர், துண்டுப் பிரசுரம், நுழைவுச் சீட்டு இருக்கலாம். ஊர்க் கோயில் மலர், ஆலைத் தொழிலாளர் சங்க மலர், நாலு இதழோடு நின்றுபோன சிற்றிதழ் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடை போடாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், காகிதம் உள்ளேயே வெந்துவிடும், பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் நம் ஊர் வெயிலுக்கு அடுப்பு, கட்டிலடி மழைக்கு ஆகாது. பீரோவின் நடுத்தட்டில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் செல்போனில் நேராகப் படம் எடுங்கள். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை, விளம்பரம், வெற்றுப் பக்கம், யாரோ பேனாவால் எழுதிய பெயர் எதையும் விடாமல். ஃபைலுக்கு இதழின் பெயரும் மாதமும் ஆண்டும் வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் தங்கையிடமோ மகனிடமோ, ஒன்று இணையத்தில். சில வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று. ஸ்கேன் முடிந்ததே என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள். மதுரைக்குள் எங்கே என்றாலும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன், மலர் உங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. செல்லூர், பந்தல்குடிக் கால்வாய் ஓரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி மழை தொடங்குமுன் கூப்பிட்டால் நல்லது.